'நான்' என்னும் பாரம்!



இன்றைக்கு யாரைப் பார்த்து "எப்படி இருக்கே?" என்று கேட்டாலும் "ஒரே டென்ஷன்டா" என்றுதான் பதில் வருகிறது. இன்டர்னல் மார்க் டென்ஷன், அரியர் டென்ஷன், கேம்பஸ் இன்டர்வியூ டென்ஷன், பஸ் வரலைன்னா டென்ஷன், போட்ட ஸ்டேட்டஸை நாலு பேர்தான் பார்த்தாங்கன்னா அதுக்கும் டென்ஷன்! எங்கள் தெருவில் எழுபது வயதான ஆச்சிகூட "என்னமோ டென்ஷனாவே இருக்கு மக்கா" என்கிறார். டென்ஷன் என்பது இழுவிசை. ஸ்ட்ரெஸ் என்பது தகைவு. இரண்டையும் நாம் லேபில் அளந்து பார்க்கிறவர்கள். ஆகவே ஒரு மெக்கானிக்கல் மாணவன் என்ற முறையில் இதைப் பற்றிப் பேச எனக்கும் கொஞ்சம் உரிமை உண்டு என்று நினைக்கிறேன்.

என் கருத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். நம்முடைய டென்ஷனில் ஒரு பங்கு 'நான், எனக்கு, என்னுடைய' என்ற நினைப்பிலிருந்து வருகிறது. சுயநலம் கெட்ட குணம் என்று பெரியவர்கள் மேடையில் சொல்வதை இங்கே திருப்பிச் சொல்ல நான் வரவில்லை. அது உடம்புக்கு ஆகாது என்று சொல்ல வருகிறேன். சிகரெட் பாவமா இல்லையா என்பது ஒரு கேள்வி, நுரையீரலுக்கு ஆகுமா ஆகாதா என்பது வேறு கேள்வி இல்லையா? அது மாதிரி.

முதலில் ஒரு சங்கதி. ஸ்ட்ரெஸ் என்ற சொல் மருத்துவத்துக்குப் போனதே நம்ம பக்கத்திலிருந்துதான். கனடாவில் மாண்ட்ரியால் நகரில் ஹான்ஸ் செல்யே என்ற விஞ்ஞானி எலிகளைக் குளிரில் வைத்தார், மிதமிஞ்சி ஓட வைத்தார், காயப்படுத்தினார், நச்சு மருந்து கொடுத்தார். துன்பம் வேறு வேறாக இருந்தாலும் உடம்புக்குள் நடந்த மாற்றம் ஒன்றாகவே இருந்தது. சிறுநீரகத்தின் மேல் தொப்பி மாதிரி உட்கார்ந்திருக்கும் அட்ரினல் சுரப்பி வீங்கியது, நோய் எதிர்ப்புக்கு வேண்டிய தைமஸ் சுருங்கியது, வயிற்றில் புண் வந்தது. இதை 1936-ஆம் ஆண்டு 'நேச்சர்' இதழில் எழுதினார். பிறகு இந்த நிலைக்கு 'ஸ்ட்ரெஸ்' என்று பெயர் வைத்தார். பின்னாளில், தன் ஆங்கிலம் அப்போது இன்னும் நன்றாக இருந்திருந்தால் 'ஸ்ட்ரெயின்' என்று வைத்திருப்பேன் என்றும் சொன்னார். சரிதானே! ஸ்ட்ரெஸ்ஸுக்கும் ஸ்ட்ரெயினுக்கும் வித்தியாசம் எழுதச் சொன்னால் நாமும்தான் மாற்றி எழுதிவிட்டு இரண்டு மார்க்கைக் கோட்டை விடுகிறோம்.

ஆபத்து என்று மூளை நினைத்தவுடன் அட்ரினலினும் கார்ட்டிசாலும் இரத்தத்தில் இறங்குகின்றன. இதயம் வேகமாக அடிக்கிறது, இரத்த அழுத்தம் ஏறுகிறது, சர்க்கரை ஏறுகிறது, செரிமானம் மெதுவாகிறது. நாய் துரத்தினால் ஓடுவதற்கு இதெல்லாம் வேண்டும். ஐந்து நிமிடத்தில் நாயும் போய்விடும், உடம்பும் பழைய நிலைக்கு வந்துவிடும். ஆனால் "அவன் என்னைப் பத்தி என்ன நினைச்சிருப்பான்?" என்கிற நினைப்பு இருக்கிறதே, அந்த நாய் வீட்டுக்குப் போகாது. ராத்திரி பாயில் படுத்தாலும் கூடவே படுக்கும். மூளைக்கு வெளியே நிற்கிற நாயும் ஒன்றுதான், மனதுக்குள் நிற்கிற நாயும் ஒன்றுதான். ஆகவே மாதக்கணக்கில் இதயம் வேகமாக அடித்துக்கொண்டே இருக்கிறது. உடையும் அளவுக்குக் குறைவான சுமையைத் திரும்பத் திரும்பக் கொடுத்தாலே இரும்புக் கம்பி ஒருநாள் உடைந்துவிடும், அதற்கு ஃபெட்டிக் என்று பெயர் என்று படித்திருக்கிறோம். ரயில் அச்சுகள் அப்படித்தான் உடைந்தன. மனித உடம்பு இரும்பு இல்லை, ஓய்வு கொடுத்தால் தன்னைத் தானே சரி செய்துகொள்ளும். ஆனால் ஓய்வு கொடுக்க வேண்டுமே!

இப்போது நம் ஃபார்முலாவுக்கு வருவோம். தகைவு என்றால் பாரத்தைப் பரப்பால் வகுப்பது. பாரம் அதே அளவுதான், பரப்பு கூடினால் தகைவு குறையும். இதை நான் புத்தகத்தில் படிப்பதற்கு முன்பே என் அப்பாவின் தலையில் பார்த்திருக்கிறேன். அப்பா மார்க்கெட்டில் சுமை தூக்கும் தொழிலாளி. ஐந்தாம் வகுப்போடு சரி. துண்டை முறுக்கி வட்டமாகச் சுற்றிச் சும்மாடு கட்டித்தான் மூட்டையை ஏற்றுவார். 50 கிலோ மூட்டை என்றால் ஏறக்குறைய 490 நியூட்டன். அது 10 சதுர சென்டிமீட்டரில் அழுத்தினால் தலை தாங்காது. சும்மாட்டால் 100 சதுர சென்டிமீட்டரில் பரவினால் தகைவு பத்தில் ஒன்றாகிவிடும். மூட்டையின் எடை ஒரு கிராம்கூடக் குறையவில்லை! இன்னொன்றும் கவனித்திருக்கிறேன். எவ்வளவு பலசாலியாக இருந்தாலும் எந்த லோடுமேனும் மூட்டையைத் தனக்குத் தானே தலையில் ஏற்றிக்கொள்ள மாட்டார். இரண்டு பேர் பிடித்து ஏற்றிவிட வேண்டும். "ஒரு கை பிடிலே" என்று கூப்பிடுவதில் அங்கே யாருக்கும் வெட்கமில்லை. அந்தக் காலத்தில் வழியில் போகிறவர்கள் பாரத்தை இறக்கி வைக்க ஊருக்கு ஊர் சுமைதாங்கிக் கல் நட்டார்கள். பழைய சாலை ஓரங்களில் இப்போதும் சில நிற்கின்றன.

'நான்' என்று மட்டுமே நினைக்கிறவன் என்ன செய்கிறான்? பரப்பைக் குறைத்துக்கொண்டே போகிறான். வாத்தியார் வகுப்பு முழுவதையும் திட்டினால் என்னைத்தான் திட்டுகிறார். கேண்டீனில் நாலு பேர் சிரித்தால் என்னைப் பார்த்துத்தான் சிரிக்கிறார்கள். பக்கத்து பெஞ்ச்காரனுக்கு வேலை கிடைத்தால் என் வேலை போச்சு. உலகத்தில் நடக்கும் எல்லாமே 'நான்' என்ற ஒரே ஊசிமுனையில் வந்து இறங்குகிறது. ஊசிமுனையில் வெறும் எண்பது கிராம் வைத்தாலும் குத்தத்தானே செய்யும்?

எங்கள் பேட்ச்சில் ஒரு நண்பன் இருக்கிறான். பெயர் வேண்டாம், அவனிடம் காட்டிவிட்டுத்தான் எழுதுகிறேன். முதல் இரண்டு செமஸ்டர் அவன்தான் முதலிடம். ரெக்கார்டைக் கேட்டால் "இன்னும் முடிக்கலை" என்பான், முடித்திருப்பான். யாராவது இரண்டு மார்க் கூட வாங்கிவிட்டால் அன்றைக்கு மெஸ்ஸுக்கு வரமாட்டான். தலைவலி, நெஞ்செரிச்சல், ராத்திரி இரண்டு மணி வரை தூக்கமில்லை. நாலாவது செமஸ்டரில் தேர்வு ஹாலுக்கு வெளியிலேயே வாந்தி எடுத்து உட்கார்ந்துவிட்டான். பெரியாஸ்பத்திரிக்குக் கூட்டிப் போனோம். டாக்டர் எல்லாம் பரிசோதித்துவிட்டு, "எத்தனை மணி நேரம் தூங்குறே? சாப்பாடு யாரோட சாப்பிடுறே?" என்று கேட்டார். 'யாரோட' என்ற கேள்விக்கு அவனிடம் பதில் இல்லை.

அவனைக் கெட்டவன் என்று நீங்கள் நினைத்துவிடக் கூடாது. அவன் அப்பா நிலத்தை அடமானம் வைத்துப் படிக்க வைக்கிறார். அவனுக்கு இருந்தது பயம். 'நான் விழுந்தா வீடே விழுந்திரும்' என்ற பயம். நம்மில் பலருடைய சுயநலம் கொழுப்பால் வந்ததில்லை, பயத்தால் வந்தது என்பது என் எண்ணம். குடும்பத்தில் முதல் ஆளாகப் படிக்க வந்தவர்களுக்கு நான் சொல்வது புரியும். (இந்த இடத்தில் ஒரு வார்த்தை: வயிற்று வலி எல்லாமே டென்ஷன் என்று நினைத்துவிடாதீர்கள். அல்சருக்குப் பெரும்பாலும் ஹெலிகோபேக்டர் என்ற கிருமியும் சில வலி மாத்திரைகளும் காரணம். அந்தக் கிருமியை 1982-இல் ஆஸ்திரேலியாவின் பாரி மார்ஷலும் ராபின் வாரனும் கண்டுபிடித்தார்கள், அதற்கு 2005-இல் நோபல் பரிசும் வாங்கினார்கள். ஆகவே வலி தொடர்ந்தால் டாக்டரிடம் போங்கள்.)

சுயநினைப்புக்கும் நோய்க்கும் தொடர்பு உண்டா என்று ஆராய்ச்சிகளும் நடந்திருக்கின்றன. 1950-களில் அமெரிக்காவின் சான் பிரான்சிஸ்கோவில் ஃபிரீட்மன், ரோசன்மன் என்ற இரண்டு இதய டாக்டர்கள், எப்போதும் அவசரமும் போட்டியும் கோபமுமாக இருப்பவர்களை 'ஏ வகை' என்று பிரித்தார்கள். அவர்களுடைய கிளினிக்கில் நாற்காலிகளின் முன் விளிம்பு மட்டும் தேய்ந்துபோயிருந்ததாம்! நோயாளிகள் சாய்ந்து உட்காரவே இல்லை. பிறகு வந்த ஆராய்ச்சிகளில் 'ஏ வகை' முழுவதும் ஆபத்து என்பது நிற்கவில்லை. பகைமை உணர்ச்சிதான் அதில் முக்கியம் என்று தெரிந்தது. இந்த ஆராய்ச்சிகளுக்கு சிகரெட் கம்பெனிகள் பணம் கொடுத்த கதையும் பின்னால் வெளியே வந்தது. பழியைப் புகையிலையிலிருந்து குணத்தின் மேல் தள்ளிவிடலாம் அல்லவா? எமகாதகர்கள்!

ஆனால் இதிலிருந்து கிளைத்த ஒரு வேலை எனக்கு மிகவும் பிடித்தது. லாரி ஷெர்விட்ஸ் என்பவரும் உடன் வேலை செய்தவர்களும் நோயாளிகளின் பேட்டிகளைக் கேட்டு, ஒருவர் 'ஐ, மீ, மை' என்று எத்தனை தடவை சொல்கிறார் என்று எண்ணினார்கள். அதிகம் சொன்னவர்களுக்கும் இதய நோய்க்கும் தொடர்பு இருப்பதாக 1983-லும் 1986-லும் எழுதினார்கள். வார்த்தையை எண்ணி மட்டும் நோயை நிரூபித்துவிட முடியாது, வேறு காரணங்களும் இருக்கலாம். இருந்தாலும் ஒரு நாள் ஹாஸ்டலில் உட்கார்ந்து நம் பேச்சில் எத்தனை 'நான்' வருகிறது என்று எண்ணிப் பாருங்கள். இந்தக் கட்டுரையிலும் எண்ணலாம், எனக்குக் கோபமில்லை!

பென்சில்வேனியா மாநிலத்தில் ரொசெட்டோ என்று ஒரு சின்ன ஊர். இத்தாலியிலிருந்து கல்குவாரி வேலைக்கு வந்தவர்களின் ஊர். கொழுப்பு தின்றார்கள், புகைத்தார்கள். ஆனாலும் 1960-களில் ஸ்டூவர்ட் உல்ஃப் என்ற டாக்டர் பார்த்தபோது, பக்கத்து ஊர்களைவிட அங்கே மாரடைப்புச் சாவு குறைவாக இருந்தது. பாட்டி முதல் பேரன் வரை ஒரே வீட்டில் இருந்தார்கள், ஒருவருக்கொருவர் ஒத்தாசையாக இருந்தார்கள், பணக்காரன் பணத்தைக் காட்டிக்கொள்ளவில்லை. அடுத்த தலைமுறை தனி வீடு, வேலி, பெரிய கார் என்று மாறியது. மாரடைப்பும் பக்கத்து ஊர்களின் அளவுக்கு ஏறிவிட்டது. 1997-இல் வந்த இன்னொரு ஆராய்ச்சியில் ஷெல்டன் கோஹனின் குழு, ஆரோக்கியமான 276 பேர் மூக்கில் சளிக் கிருமியைச் சொட்டு விட்டுப் பார்த்தது. குடும்பம், நண்பர், அக்கம்பக்கம், சங்கம் என்று பலவிதமான உறவு உள்ளவர்களுக்குச் சளி பிடித்தது குறைவு. சளிக்குக்கூட ஆள் பலம் வேண்டியிருக்கிறது பாருங்கள்!

இங்கே ஒரு எதிர்க்கேள்வி வரும். என் மாமாவே கேட்பார். "ஏலே, ஊர் சோலி உனக்கு எதுக்கு? உன் சோலிய மட்டும் பாரு. நம்ம வீட்டுல நீ ஒருத்தன்தான் படிக்க. வசதி இருக்கவன் தர்மம் பண்ணட்டும்." அவர் அன்பில்தான் சொல்கிறார். ஆனால் எங்கள் வீடு இதுவரை நின்றது தன் சோலியை மட்டும் பார்த்ததால் இல்லை. அம்மா பீடி சுற்றுகிறார். தெருவில் எட்டு, பத்து பேர் ஒரே திண்ணையில் உட்கார்ந்துதான் சுற்றுவார்கள். 25 பீடி ஒரு கட்டு, ஆயிரத்துக்கு 40 கட்டு. யாருக்காவது காய்ச்சல் என்றால் அவர் கணக்கில் குறைகிற கட்டுகளை மற்றவர்கள் ஆளுக்கு இரண்டு, மூன்று போட்டு நிறைத்துவிடுவார்கள். எனக்கு முதல் செமஸ்டர் ஃபீஸ் கட்டியதே அந்தத் திண்ணையில் போட்ட சீட்டுப் பணத்தில். அந்தப் பணத்தில் படித்துவிட்டு, என் ரெக்கார்டை இன்னொருவனுக்குக் காட்டமாட்டேன் என்றால் அதைவிட வேடிக்கை உண்டா?

அதற்காக எல்லாவற்றையும் அடுத்தவருக்குக் கொடுத்துவிட்டு நாசமாய்ப் போ என்றும் சொல்லவில்லை. என் அம்மா எல்லோரும் சாப்பிட்ட பிறகு மிஞ்சியதைத்தான் சாப்பிடுவார். காய்ச்சல் வந்தால் மூன்றாம் நாள்தான் ஆஸ்பத்திரிக்குப் போவார். இதைத் தியாகம் என்று நாம் பாராட்டி எழுதுகிறோம். எனக்கு அதில் உடன்பாடில்லை. தன் உடம்பைப் பார்த்துக்கொள்வது சுயநலம் ஆகாது. செல்யேயும் 1974-இல் எழுதிய புத்தகத்தில், அடுத்தவருக்கு உதவியாக இருந்து அவர்கள் அன்பைச் சம்பாதிப்பதே தனக்கும் பாதுகாப்பு என்கிற மாதிரி ஒரு வழியைச் சொன்னார். இரண்டும் சேர்ந்ததுதான் கணக்கு.

இன்னொரு பக்கத்தையும் சொல்லாவிட்டால் நான் ஏமாற்றியவனாவேன். டென்ஷன் பெரிய அதிகாரிகளுக்கு வரும் வியாதி என்று ஒரு பேச்சு உண்டு. இங்கிலாந்தில் 1967-இல் தொடங்கிய ஓர் ஆய்வில் அரசு ஊழியர்களைப் பல வருடம் கவனித்தார்கள். மேல்பதவியில் இருந்தவர்களைவிடக் கீழ்மட்ட ஊழியர்கள்தான் இதய நோயில் அதிகம் இறந்தார்கள். அந்த வரிசையில் அடுத்து வந்த ஆய்வு, தன் வேலையில் தனக்கு எந்தப் பிடியும் இல்லாத நிலையையும் ஒரு காரணமாகக் காட்டியது. ஆகவே கடன், ஃபீஸ், கூலி பாக்கி இவற்றால் வருகிற டென்ஷனுக்கு "மூச்சை இழுத்து விடு" என்று சொல்வது நியாயமில்லை. கூலி பாக்கிக்குக் கூலியைக் கொடுப்பதுதான் மருந்து! பாரமே குறைய வேண்டிய இடத்தில் பாரத்தைத்தான் குறைக்க வேண்டும். நான் பேசுவது பாரம் உடனே குறையாத நாட்களில் பரப்பைக் கூட்டுவதைப் பற்றி.

சரி, என்னதான் செய்வது? எனக்குத் தெரிந்ததைச் சொல்கிறேன். மூச்சு விடும் நேரம் இழுக்கும் நேரத்தைவிடக் கொஞ்சம் நீளமாக இருந்தால் இதயத் துடிப்பு நிதானமாகும். வைவா அறைக்கு வெளியில் நிற்கும்போது ஐந்து நிமிடம் போதும், யாருக்கும் தெரியவும் தெரியாது. வாரத்துக்கு 150 நிமிடமாவது உடல் வியர்க்க நடக்க வேண்டும் என்று உலக சுகாதார நிறுவனம் சொல்கிறது. பஸ்ஸை ஒரு ஸ்டாப் முன்னாலேயே விட்டு இறங்கி வேகமாக நடந்தால் பாதிக் கணக்கு தீர்ந்தது. தூக்கத்தைத் திருடுவது நம் கையில் இருக்கும் போன். ராத்திரி பன்னிரண்டு மணிக்கு அடுத்தவன் போட்டோவைப் பார்த்து 'எனக்கு மட்டும் ஏன் இப்படி' என்று ஏங்கியவனுக்குக் காலையில் தலை வலிக்காமல் என்ன செய்யும்?

ஆனால் எனக்கு இவற்றைவிடப் பெரிய மருந்தாகத் தெரிவது, அடுத்தவருக்குச் சொல்லிக் கொடுப்பது. மேலே சொன்ன நண்பன் ஐந்தாவது செமஸ்டரில் அரியர் வைத்த இரண்டு பேருக்கு தெர்மல் பாடம் நடத்த ஆரம்பித்தான். முதலில் டாக்டர் சொன்னாரே என்று கடனுக்குத்தான் செய்தான். ஒருவன் பாஸ் செய்தான், இன்னொருவன் மறுபடியும் ஃபெயில். நம்ம ஆளுக்குத் தலைவலி இன்னும் வருகிறது. ஆனால் மூன்று பேரும் ஒரே மேஜையில் சாப்பிடுகிறார்கள், அவன் பதினொரு மணிக்குத் தூங்குகிறான். முதலிடம் இப்போது வேறொரு மாணவிக்குப் போய்விட்டது. ரிசல்ட் வந்த அன்று அவளுக்கு முதலில் போன் செய்தவன் அவன்தான் என்று கேள்வி.

வாயைத் திறந்து சொல்வதும் ஒரு வைத்தியம். "ஒரு கை பிடிலே" என்று என் அப்பா கேட்கிற மாதிரி நாமும் கேட்கலாம். நண்பனிடம் சொல்ல முடியாத விஷயம் என்றால், அறைக்குள் கதவைச் சாத்திக்கொண்டு மருகாதீர்கள். 2022 அக்டோபரில் மத்திய அரசு தொடங்கிய 'டெலி மானஸ்' என்ற மனநல உதவி எண் 14416 இருக்கிறது. காசில்லை, தமிழில் பேசலாம், இரவிலும் எடுக்கிறார்கள். அங்கே போன் செய்கிறவனைப் பைத்தியம் என்று கேலி செய்யும் பழக்கத்தை நம் ஹாஸ்டல் விட்டுவிட்டால் கோடி புண்ணியம்.

கடைசியாக நம் பேரவைக்கு ஒரு வேண்டுகோள். ஆண்டு விழாவுக்கு லைட்டு, மேடை, பாட்டுக் கச்சேரி என்று செலவழிக்கிறோம், நல்லது, நானும் முன் வரிசையில் நின்று ஆடுகிறவன்தான். கூடவே முதலாண்டு தம்பி தங்கைகளுக்கு வாரம் ஒரு மாலை ஒதுக்க வேண்டும். கிராஃபிக்ஸும் கணக்கும்தான் அவர்களில் பாதிப் பேரைப் பயமுறுத்துகிறது. துறைத்தலைவரிடம் பேசிவிட்டோம். புதன்கிழமை 4.30 முதல் 5.30 வரை டிராயிங் ஹால் திறந்திருக்கும். இறுதியாண்டில் இதுவரை ஏழு பேர் வருவதாகச் சொல்லியிருக்கிறார்கள், அதில் அந்த நண்பனும் ஒருவன். இன்னும் ஆள் தேவை. டிராஃப்டர் வாங்க முடியாதவர்கள் அதற்காக வராமல் இருக்க வேண்டாம். நாங்கள் மூன்று பேர் எங்களுடையதைக் கொண்டு வருகிறோம்.

— மூன்றாம் ஆண்டு, இயந்திரவியல் துறை